ஒரு பானைச் சோறும் ஒற்றை வானமும்: அண்டத் திரட்சியை அளப்பதில் பிழையின் இடம்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். கூறெடுத்து முழுமையை அறியும் புள்ளியியல் முறை மொத்தமும் இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அது சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. உலைநீர் கொதித்துச் சுழன்று, பானையின் எல்லா மூலையிலும் ஒரே பதத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். அடியில் குழைந்து மேலே வேகாமல் நிற்கும் பானையில் ஒரு சோறு எதையும் சொல்லாது. எத்தனை சோறு எடுக்க வேண்டும், எங்கெங்கே எடுக்க வேண்டும் என்ற கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன.

அண்டவியலாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விகளோடு வாழ்கிறார்கள். விண்மீன் மண்டலங்கள் வெளியில் சீராகத் தூவப்படவில்லை. இழைகளாக, சுவர்களாக, கொத்துகளாகத் திரண்டிருக்கின்றன. நடுவே பெரும் வெற்றிடங்கள் கிடக்கின்றன. இந்தத் திரட்சியைத் துல்லியமாக அளந்தால் கரும்பொருளின் அளவும் இருள் ஆற்றலின் போக்கும் தெரியவரும். ஆனால் பதம் பார்க்கக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பானை. இன்னொரு பிரபஞ்சத்தை எடுத்து ஒப்பிட வழியில்லை. அப்படியானால் அளவோடு சேர்த்துச் சொல்லும் பிழை எங்கிருந்து வருகிறது? அதை எப்படிக் கணிக்கிறார்கள்? அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? இத்துறையில் கூட்டல்-கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் எண், முன்னால் வரும் எண்ணைவிடக் கடினமான உழைப்பில் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திரட்சியை எப்படி அளக்கிறார்கள்

இந்தத் துறையின் தொடக்கத்திலேயே புள்ளியியலாளர்கள் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் டொனால்ட் ஷேனும் கார்ல் விர்டானெனும் ஒளிப்படத் தகடுகளில் சுமார் 10 லட்சம் விண்மீன் மண்டலங்களைக் கண்ணால் பார்த்தே எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வை விளக்க, பெர்க்லியின் புள்ளியியலாளர்களான ஜெர்சி நேமனும் எலிசபெத் ஸ்காட்டும் 1952-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதே காலத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்ரமணியன் சந்திரசேகர், கீடோ முன்ச்சுடன் சேர்ந்து பால்வழியின் ஒளிர்வு ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒளியை மறைக்கும் ஒவ்வொரு விண்மீனிடை மேகத்தையும் தனித்தனியே பின்தொடராமல், இரு திசைகளின் ஒளிர்வு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேட்ட ஆய்வு அது. நெல்சன் லிம்பர் 1953-இல் அதே வகைக் கேள்வியை விண்மீன் மண்டலங்களின் எண்ணிக்கையிடம் கேட்டார். லிம்பரின் சமன்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இன்றைய அடிப்படை அளவுகோல் ஒட்டுறவுச் சார்பு. ஒரு விண்மீன் மண்டலத்தில் நின்றுகொண்டு, குறிப்பிட்ட தொலைவில் இன்னொன்று இருக்கும் வாய்ப்பு சீரான பரவலில் இருப்பதைவிட எவ்வளவு கூடுதல் என்று கேட்கிறோம். அந்தக் கூடுதலே ஒட்டுறவு. ஜப்பானின் டோட்சுஜியும் கிஹாராவும் 1969-இல் இது தொலைவின் 1.8 அடுக்கில் குறைகிறது என்று காட்டினார்கள். தொலைவு இரண்டு மடங்கானால் கூடுதல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு சரியும். 1970-களில் ஜிம் பீபிள்ஸும் அவருடைய குழுவினரும் இதையே ஒரு முழுத் துறையாக வளர்த்தார்கள். இரண்டு கோடி ஒளியாண்டைச் சற்றே தாண்டிய தொலைவில் இந்தக் கூடுதல் நூறு சதவீதம்; அதாவது வாய்ப்பு இரட்டிப்பாகிறது. சுமார் 49 கோடி ஒளியாண்டுத் தொலைவிலோ அது ஏறக்குறைய ஒரு சதவீதம். பெரிய அளவில் திரட்சியை அறிவது என்றால் இந்த ஒரு சதவீதத்தை நம்பகமாகப் பிடிப்பது என்று பொருள்.

அளக்கும் முறையே பிழையைக் கூட்டவும் குறைக்கவும் கூடும். ஆய்வுப் பரப்பின் ஓரங்கள் ஒழுங்கற்றவை. பிரகாசமான விண்மீன்கள் மறைக்கும் இடங்கள் ஓட்டைகளாக நிற்கும். எனவே அதே வடிவப் பரப்பில் சீரற்ற புள்ளிகளைக் கணினியில் தூவி, உண்மை இணைகளை அந்தப் புள்ளிகளின் இணைகளோடு ஒப்பிடுகிறார்கள். 1993-இல் ஸ்டீபன் லேண்டியும் அலெக்சாண்டர் சாலேயும் ஒரு புதிய வாய்பாட்டைத் தந்தார்கள். உண்மை இணைகளின் எண்ணிக்கையிலிருந்து உண்மைப் புள்ளிக்கும் தூவிய புள்ளிக்கும் இடையிலான இணைகளை இருமுறை கழித்து, தூவிய புள்ளிகளின் இணைகளை ஒருமுறை கூட்டுவது அதன் சாரம். ஓரங்களால் வரும் பிழை இதில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் கடந்தும் இது வழக்கொழியவில்லை.

இரண்டு ஊற்றுகள்

பிழைக்கு முதல் ஊற்று எண்ணிக்கை. விண்மீன் மண்டலங்கள் தனித்தனிப் பொருள்கள். கீழே பரவியிருக்கும் கரும்பொருளின் வடிவத்தை ஆங்காங்கே புள்ளி வைத்துக் காட்டுகின்றன. புள்ளி குறைந்தால் கோலத்தின் வடிவம் தெரியாது. ஒன்றையொன்று சாராத 10,000 புள்ளிகளை எண்ணினால் பிழை அதன் வர்க்கமூலமான 100. அதாவது ஒரு சதவீதம். இது பாய்சான் பரவலின் விதி. இந்தப் பிழையைப் பணத்தாலும் காலத்தாலும் குறைக்கலாம். பெரிய தொலைநோக்கி, கூடுதல் இரவுகள், மங்கலான பொருள்கள் என்று போய்க்கொண்டே இருந்தால் புள்ளிகள் பெருகும்.

இரண்டாவது ஊற்று ஆழமானது. விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல, திரண்டிருப்பவை. ஒரு கொத்துக்குள் நூறு மண்டலங்களை எண்ணியவர் நூறு சாட்சிகளைக் கேட்கவில்லை. ஒரே வீட்டைச் சேர்ந்த நூறு பேரைக் கேட்டிருக்கிறார். எனவே நாம் ஆராயும் பரப்புக்குள் எத்தனை தனித்தனி அலைகள் அடங்கும் என்பதே உண்மையான கூறளவு. அடர்த்தியின் ஏற்றத்தாழ்வைப் பல நீளமுள்ள அலைகளின் கூட்டாகப் பிரித்தால், குறிப்பிட்ட அலைநீளத்துக்கு ஒரு பெட்டிக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலேயே அலைகள் அடங்கும். பெட்டியின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த எண்ணிக்கை எட்டு மடங்காகும், பிழை 2.8 மடங்கு குறையும். ஆனால் பெட்டியின் அளவை எட்டும் அலைகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். அங்கே எத்தனை கோடி மண்டலங்களை எண்ணினாலும் பயனில்லை.

இந்த வரம்பின் மிகத் தெளிவான முகம் அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் தெரிகிறது. வானம் முழுவதையும் தழுவும் மிகப் பெரிய வடிவமான நான்முனைக் கூறு வெறும் ஐந்து எண்களால் ஆனது. ஐந்து எண்களைக் கொண்டு ஒரு பரவலின் அகலத்தைக் கணித்தால் பிழை ஏறக்குறைய 63 சதவீதம். கருவி பழுதற்றதாக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது. கோபி, டபிள்யூமேப், பிளாங்க் ஆகிய மூன்று செயற்கைக்கோள்களும் இந்தக் கூறு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டன. அது புதிய இயற்பியலின் தடயமா, ஐந்து தாயக்கட்டைகள் விழுந்த விதமா என்பதைத் தீர்க்க வேறொரு வானம் வேண்டும். ஆயிரமாவது கூறுக்கு வந்தால் 2,001 எண்கள் கிடைக்கின்றன. பிழை 3 சதவீதத்துக்கு இறங்குகிறது.

இதோடு பிணைந்த இன்னொரு சிக்கலும் உண்டு. ‘சராசரியைவிடக் கூடுதல்’ என்று சொல்லச் சராசரி தெரிய வேண்டும். அதையும் அதே பரப்பிலிருந்துதான் எடுக்கிறோம். நமது பரப்பு தற்செயலாக அடர்ந்த பகுதியில் விழுந்திருந்தால் சராசரி உயர்ந்துவிடும். பெரிய அளவுத் திரட்சி இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும். மேட்டில் நிற்பவர் மேட்டையே சமதளம் என்று கொள்வதைப் போன்றது இது. பரப்பைவிட நீண்ட அலைகள் பரப்புக்குள் இருக்கும் எல்லாவற்றையும் ஒருசேர உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கின்றன. இந்தப் பங்கைக் கணக்கில் சேர்க்கும் முறை 2000-க்குப் பிறகே முதிர்ந்தது.

கண் கண்ட வடிவங்கள்

பிழையைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்துறையின் வரலாறே சாட்சி. 1990-இல் பிராட்ஹர்ஸ்ட், எல்லிஸ், கூ, சாலே ஆகியோர் வானின் இரு எதிரெதிர்த் திசைகளை நோக்கி ஊசி போன்ற மெல்லிய குழல்களாகத் துளைத்துப் பார்த்தார்கள். விண்மீன் மண்டலங்கள், இன்றைய கணக்கில் சுமார் 60 கோடி ஒளியாண்டுக்கு ஒருமுறை, படிக்கட்டு போல அடுக்கியிருந்தன. பிரபஞ்சத்துக்கு ஒரு சீரான தாளம் இருக்கிறதா என்று உலகமே வியந்தது.

அடுத்த ஆண்டே நிக் கைசரும் ஜான் பீகாக்கும் அதற்கு விளக்கம் தந்தார்கள். வயலை நேராகக் கடப்பவர் பத்தடிக்கு ஒரு வரப்பைத் தாண்டுவார். வரப்பை ஒட்டிச் சாய்வாக நடப்பவர் நூறடிக்கு ஒன்றைத்தான் தாண்டுவார். வரப்பின் இடைவெளி மாறவில்லை. நடந்த கோடுதான் மாறியது. மெல்லிய குழல் ஒரு கோடு போன்றது. முப்பரிமாணத்தில் குறுகிய அலைகள் அதைச் சாய்வாக வெட்டும்போது நீண்ட அலைகளாக வேடம் போடுகின்றன. குறுகிய அளவிலோ திரட்சி மிக வலிமையானது. எனவே நீண்ட அளவில் தற்செயலாக எழும் முகடுகளின் உயரத்தைக் கணிக்கும்போது இந்த வேடதாரிகளையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அந்தத் தாளம் அவ்வளவு அரிதானதாக இல்லை. பின்னர் வந்த அகன்ற ஆய்வுகளில் அத்தகைய சீரான படிக்கட்டு தென்படவில்லை.

2013-இல் இன்னொன்று வந்தது. ரோஜர் கிளௌஸ் குழு 73 குவாசர்கள் கொண்ட, சுமார் 400 கோடி ஒளியாண்டு நீளமான தொகுப்பை அறிவித்தது. பெரிய அளவில் பிரபஞ்சம் சீரானது என்ற கொள்கையே ஆட்டம் காண்பதாகப் பேச்சு எழுந்தது. சேஷாத்ரி நடாதூர் அதே ஆண்டில் ஒரு நேர்மையான சோதனையைச் செய்தார். எந்தத் திரட்சியும் இல்லாத, முற்றிலும் சீரற்ற புள்ளிகளை அதே அடர்த்தியில் தூவி, தொகுப்பைக் கண்டுபிடித்த அதே செய்நிரலிடம் கொடுத்தார். அங்கேயும் அந்த அளவுத் தொகுப்புகள் கிடைத்தன. அருகிலிருக்கும் புள்ளிகளைச் சங்கிலியாகக் கோக்கும் முறைக்கு, எதைக் கொடுத்தாலும் ஒரு நீண்ட சங்கிலி கிடைத்துவிடும். ‘இது எவ்வளவு பெரியது’ என்று கேட்பதற்கு முன் ‘ஒன்றும் இல்லாத இடத்தில் இது எவ்வளவு அடிக்கடி கிடைக்கும்’ என்று கேட்க வேண்டும்.

இதைக் கொண்டு, வியப்பூட்டும் ஒவ்வொரு முடிவும் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. 1990-இல் ஏபிஎம் ஆய்வுக் குழு சுமார் 20 லட்சம் மண்டலங்களின் கோணத் திரட்சியை அளந்து, அன்று கோலோச்சிய கரும்பொருள் மாதிரி சொல்வதைவிடப் பெரிய அளவில் திரட்சி கூடுதல் என்றது. தகடுகளின் ஒளியுணர்வில் உள்ள வேறுபாடு இப்படிக் காட்டுகிறதோ என்ற ஐயத்தை அவர்களே எழுப்பி, வெவ்வேறு தகடுகளை எதிரெதிரே வைத்துச் சரிபார்த்தார்கள். அந்தக் கூடுதல் நின்றது. அண்ட மாறிலி தேவை என்ற வாதத்துக்கு அது தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. இரண்டு வகைக் கதைகளையும் பிரித்தது முடிவின் துணிவு இல்லை; பிழையை ஆராய்ந்த பொறுமை.

பிழையையே அளப்பது

ஒற்றை வானத்தில் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய வழி, தரவைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை விட்டுவிட்டு அளந்து, விடைகள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்ப்பது. ஜாக்நைஃப் எனப்படும் இம்முறைக்குக் கோட்பாட்டின் துணை தேவையில்லை. ஆனால் துண்டைவிடப் பெரிய அலைகளை அது உணராது. துண்டுகள் ஒன்றையொன்று சாராதவையும் அல்ல. அதனால்தான் கணினியில் வானங்களை உருவாக்குகிறார்கள். ஒரே இயற்பியல் விதிகளுக்கு வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளைக் கொடுத்து ஆயிரக்கணக்கான பிரபஞ்சங்களை ஓட்டி, ஒவ்வொன்றையும் உண்மை ஆய்வைப் போலவே வெட்டி, அதே வாய்பாட்டால் அளக்கிறார்கள். 2020-இல் வெளியான குவிஹோட்டே தொகுப்பில் 44,100 உருவகப்படுத்தல்கள் உள்ளன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒட்டுறவுச் சார்பின் அடுத்தடுத்த புள்ளிகள் தனித்தனியே ஆடுவதில்லை. ஒரே ஊஞ்சலில் உட்கார்ந்தவர்களைப் போலச் சேர்ந்தே ஆடுகின்றன. வரைபடத்தில் ஐந்து புள்ளிகள் கோட்டுக்கு மேலே நின்றால் கண் ஐந்து சான்றுகளைக் காண்கிறது. உண்மையில் ஒன்றரைச் சான்றுதான் இருக்கலாம். எனவே ஒவ்வொரு புள்ளியின் பிழையோடு, எந்தப் புள்ளி எதனோடு எவ்வளவு சேர்ந்து ஆடுகிறது என்ற உடன்மாறுபாட்டு அணி முழுவதும் தேவை. அந்த அணியின் நேர்மாறைக் கொண்டு கோட்பாட்டுக்கும் தரவுக்கும் உள்ள தொலைவை அளக்கிறார்கள். கல்கத்தாவில் பி.சி. மகலனோபிஸ் 1936-இல் வரையறுத்த தொலைவின் வடிவம்தான் இது. அவருடைய நிறுவனத்தில் இருந்த சி.ஆர். ராவ் 1945-இல் நிறுவிய கீழ்வரம்பு, ஒரு ஆய்வு எவ்வளவு துல்லியம் வரை போக முடியும் என்று தொடங்கும் முன்பே கணிக்க உதவுகிறது. இன்றைய பெரும் ஆய்வுத் திட்டங்கள் அந்தக் கணிப்போடுதான் நிதி கேட்கின்றன.

40 புள்ளிகள் இருந்தால் அணியில் 820 வெவ்வேறு எண்கள் உண்டு. அவற்றை 100 கணினி வானங்களிலிருந்து கணித்தால் அவற்றிலும் பிழை இருக்கும். அணியைத் தலைகீழாக்கும்போது அந்தப் பிழை ஒரே பக்கமாகச் சாய்கிறது. நேர்மாறு பெரிதாகிவிடுகிறது, நமது துல்லியம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றுகிறது. ஹார்ட்லாப் குழு 2007-இல் அண்டவியலாளர்களுக்கு நினைவூட்டிய திருத்தத்தின்படி, மேற்சொன்ன எடுத்துக்காட்டில் நேர்மாறை 99-க்கு 58 என்ற விகிதத்தில் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் பிழைக் கோடுகளின் நீளத்தில் கால்பங்குக்குச் சற்றே குறைவான பகுதி காணாமல் போகும். 1,000 வானங்கள் இருந்தால் திருத்தம் 4 சதவீதம்தான். 2016-இல் செலன்டினும் ஹெவன்ஸும், அணியே சரியாகத் தெரியாதபோது இயல்நிலைப் பரவலை விட்டுவிட்டு டி-பரவலின் வடிவத்தைக் கொள்ள வேண்டும் என்று காட்டினார்கள். டப்ளினில் மதுவடிப்பு ஆலையில் பணியாற்றிய காசெட் சிறு கூறுகளுக்காக 1908-இல் கண்ட பாடம், பிரபஞ்சத்தின் அளவிலும் அப்படியே பொருந்துகிறது.

49 கோடி ஒளியாண்டின் மேடு

இத்தனை உழைப்பும் என்ன பலன் தந்தது என்பதற்கு ஒரு மேட்டின் கதை போதும். இளம் பிரபஞ்சத்தின் சூடான பிளாஸ்மாவில் ஒலி அலைகள் ஓடின. பிரபஞ்சம் குளிர்ந்து அணுக்கள் உருவானதும் அவை உறைந்து நின்றன. அவை ஓடிய தொலைவு இன்றைய அளவில் சுமார் 150 மெகாபார்செக், அதாவது ஏறக்குறைய 49 கோடி ஒளியாண்டு. அந்த இடைவெளியில் மண்டலங்களின் இணைகள் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். 2005-இல் ஐசன்ஸ்டைன் குழு ஸ்லோன் ஆய்வின் 46,748 சிவந்த மண்டலங்களில் அந்த மேட்டை 3.4 சிக்மா உறுதியில் கண்டது. தற்செயலால் இப்படி நிகழும் வாய்ப்பு ஏறக்குறைய 1,500-இல் ஒன்று. அதே காலத்தில் 2டிஎஃப் ஆய்வும் அதன் தடத்தைத் தனியாகக் கண்டது.

60 கோடி ஒளியாண்டுத் தாளம் மறைந்தது. 49 கோடி ஒளியாண்டு மேடு நிலைத்தது. இரண்டாவதற்குக் கோட்பாடு முன்கூட்டியே இடம் குறித்திருந்தது. பார்த்த பிறகு தேடிக் கண்ட வடிவமில்லை அது. பரப்பு ஊசியாக இல்லாமல் அகன்றிருந்தது. புள்ளிகள் சேர்ந்து ஆடுவதும் கணக்கில் வந்திருந்தது. பரப்பும் எண்ணிக்கையும் வளர வளர மேடு கூர்மையாயிற்று. போஸ் ஆய்வு 12 லட்சம் மண்டலங்களில் அதை அளந்தது. அரிசோனாவின் கிட் பீக் மலையில் 5,000 ஒளியிழைகளோடு இயங்கும் டெசி, 2025-இல் 1.4 கோடிக்கும் கூடுதலான மண்டலங்களையும் குவாசர்களையும் கொண்ட முடிவை வெளியிட்டது.

இன்னும் தீராதவை

டெசியின் முடிவுதான் இப்போதைய பெரும் விவாதம். அதன் அளவுகளைப் பின்னணிக் கதிர்வீச்சோடும் மீவிண்மீன் வெடிப்புகளோடும் சேர்த்தால், இருள் ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறது என்ற கருத்துக்கு 2.8 முதல் 4.2 சிக்மா வரை ஆதரவு கிடைக்கிறது. எந்த மீவிண்மீன் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறுகிறது. அந்த வேறுபாடே எச்சரிக்கை மணி. இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று ஏற்கும் வழக்கமான எல்லை 5 சிக்மா. டெசி குழுவினர் முதலாண்டுத் தரவை வேண்டுமென்றே சற்று மாற்றி மறைத்துவைத்து, செய்முறை முழுதும் முடிவான பிறகே திரையை விலக்கினார்கள். விரும்பிய விடை வந்ததும் தேடலை நிறுத்திக்கொள்ளும் மனித இயல்புக்கு இட்ட கடிவாளம் அது.

அருகில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஈர்ப்பால் வளையும் ஒளியைக் கொண்டு திரட்சியை அளந்த கிட்ஸ் ஆய்வு, பிளாங்க் சொல்வதைவிடக் குறைவான அளவைச் சில ஆண்டுகள் தொடர்ந்து காட்டிவந்தது. முரண் மூன்று சிக்மாவை நெருங்கியது. 2025-இல் வெளியான அதன் இறுதி முடிவில் பரப்பு கூடியது, மண்டலங்களின் தொலைவுக் கணிப்பும் மேம்பட்டது, முரண் கரைந்துபோனது. மூன்று சிக்மா என்பது கணக்கில் வந்த பிழைகளுக்கு மட்டும் சொல்லும் உறுதி. அளவுகோலே சற்று வளைந்திருந்தால் அது காட்டிக்கொடுக்காது.

இனி என்ன வழி? 2023 ஜூலையில் ஏவப்பட்ட விண்வெளித் தொலைநோக்கியான யூக்ளிட் வானின் மூன்றிலொரு பங்கை அளக்கவிருக்கிறது. சிறிய அளவுகளில் அலைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் ஈர்ப்பு அவற்றை ஒன்றோடொன்று பின்னிவிட்டதால் கூடுதல் அலை கூடுதல் தகவலைத் தருவதில்லை என்று ரைம்ஸும் ஹாமில்டனும் 2005-இல் காட்டினார்கள். பெரிய அளவுகளிலோ பிரபஞ்சமே தீர்ந்துவிடுகிறது. அங்கும் ஒரு கதவை 2009-இல் செலியாக் திறந்தார். ஒரே பரப்பில் இரண்டு வகை மண்டலங்களை எடுத்தால் இரண்டும் ஒரே கரும்பொருள் அலையையே பின்பற்றுகின்றன. அந்த அலை தற்செயலாக எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இரு வகைகளின் விகிதத்தில் அது அடிபட்டுப் போகிறது. ஒற்றை வானத்தின் தற்செயலை விலக்கிச் சில அளவுகளைப் பெற இதனால் முடிகிறது.

சோறு ஒன்று, பானை ஒன்று. அந்தச் சோறு எங்கிருந்து எடுத்தது, பானை எப்படிக் கொதித்தது, இதே அரிசியை ஆயிரம் முறை உலையேற்றினால் பதம் எவ்வளவு மாறும் என்று கணித்த பிறகே அண்டவியலாளர் வாய் திறக்கிறார். ‘150, கூட்டல்-கழித்தல் இவ்வளவு’ என்று அவர் சொல்லும்போது, அந்தச் சிறிய இரண்டாவது எண்ணுக்குள் லிக் தகடுகளைக் கண்ணால் எண்ணியவர்களின் இரவுகளும், கல்கத்தாவிலும் டப்ளினிலும் வேறு தேவைகளுக்காகப் பிறந்த கணிதமும், கணினிக்குள் பிறந்து மறைந்த ஆயிரக்கணக்கான வானங்களும் இருக்கின்றன. டெசியின் அடுத்த முடிவு வரும்போது முதல் எண்ணைச் செய்தியாகப் படிப்போம்; அதை நம்புவதா என்பதை இரண்டாவது எண்ணிடம் கேட்போம்.